நாற்பதோடு முடியும் பெண்: இடைக்காலத் தமிழ்க் கவிதை காட்டும் பெண்மை

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டு ஒன்று 400 பெண்களைக் கணக்கெடுத்து வைத்திருக்கிறது. சோழ நாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து தளிச்சேரிப் பெண்டுகளாக, அதாவது கோயில் பணிப் பெண்களாக, தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்கள் இவர்கள். எந்தத் தெரு, தென்சிறகா வடசிறகா, தலைவீடா இரண்டாம் வீடா, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் கல்லில் ஓர் இடம் உண்டு. ஒருத்திக்குப் பங்கு ஒன்று. பங்குக்கு நெல் 100 கலம்.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, அதே சோழ அரசவையில் ஒட்டக்கூத்தர் மூன்று உலாக்கள் பாடினார். விக்கிரம சோழன், அவன் மகன் இரண்டாம் குலோத்துங்கன், பேரன் இரண்டாம் ராஜராஜன் ஆகிய மூவர் மீதும் தனித்தனியே ஒன்று. அரசன் யானை மீதேறி வீதியில் வருகிறான். பெண்கள் பார்க்கிறார்கள், மயங்குகிறார்கள், வளை கழல நிற்கிறார்கள். அந்தப் பெண்களை ஏழு பருவமாகப் பிரித்துப் பாடுவது உலாவின் இலக்கணம். பாட்டியல் நூல்களும் உரைகளும் இதற்கு வயதுக் கணக்கே சொல்கின்றன: பேதைக்கு 5 முதல் 7, பெதும்பைக்கு 8 முதல் 11, மங்கைக்கு 12, 13, மடந்தைக்கு 14 முதல் 19, அரிவைக்கு 20 முதல் 25, தெரிவைக்கு 26 முதல் 31, பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40.

ஏழு பேருக்கும் பெயர் கிடையாது. வயதுதான் பெயர். நாற்பதுக்கு மேல் பெண்ணைக் குறிக்க அந்த அடுக்கில் சொல்லே இல்லை.

கல்லில் பெயரோடும் வீட்டு எண்ணோடும் இருக்கிற பெண், பாட்டில் பருவமாகக் கரைந்துபோவது எப்படி? இடைக்காலக் கவிதையில் பெண் என்று பேச உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. ‘பெண் எப்படி வர்ணிக்கப்பட்டாள்’ என்று மட்டும் கேட்டால் கூந்தல், நெற்றி, கண், இடை, பாதம் என்று கேசாதிபாதமாக ஒரு பட்டியல் கிடைக்கும். அது ஏற்கெனவே நிறையப் போட்டாயிற்று. யாருடைய கண் பார்க்கிறது, யாருடைய வாய் பேசுகிறது, பேசியவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால்தான் அந்தக் காலம் வாய் திறக்கிறது. இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் எல்லை, 6ஆம் நூற்றாண்டையொட்டிய பக்தித் தொடக்கத்திலிருந்து சோழப் பேரரசின் 12ஆம் நூற்றாண்டு வரை.

உலாவில் ஒரு விசித்திரம் உண்டு. பார்ப்பவள் அங்கே பெண், பார்க்கப்படுபவன் அரசன். ஆனால் பாட்டு அவள் கண் வழியாக அவனைப் பார்ப்பதை விட, பார்த்துக்கொண்டு நிற்கும் அவளைப் பார்ப்பதிலேயே நேரம் செலவழிக்கிறது. அவளுடைய ஆசை அரசனின் புகழுக்கு ஒரு சான்று, அவ்வளவே. ஐந்து வயதுப் பேதையையும் அந்த வீதியில் கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருப்பது அதனால்தான். அவள் குழந்தை, ஒன்றும் அறியாதவள் என்று புலவர் சொல்லத்தான் செய்கிறார். ஆனாலும் வரிசையில் அவளுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. அந்தப் பகுதியைப் படிக்கும்போது கூத்தரின் சொல்லாட்சியை வியந்தபடியே மனம் கனத்துப்போகிறது.

கோவை நூல்கள் இன்னொரு வழியில் இதையே செய்தன. மாணிக்கவாசகரின் திருக்கோவையாருக்கு 400 பாட்டு. களவில் தொடங்கிக் கற்பு வரை ஒரு காதலை இத்தனை துறைகளாக நுணுக்கிய அந்த வகையில், தலைவி நாணத்தால் வாய் மூடி நிற்கும் இடங்கள் ஏராளம். அவளுக்காகத் தோழி பேசுகிறாள், செவிலி பேசுகிறாள், கண்டோர் பேசுகிறார்கள். அச்சம், நாண், மடம் என்று தொல்காப்பியம் மூன்று சொன்னது. பின்னால் வந்தவர்கள் பயிர்ப்பையும் சேர்த்து நான்காக்கினார்கள். பட்டியல் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை.

சங்கத் தொகைகளில் 30க்கும் மேற்பட்ட பெண்பாற் புலவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின் வரும் பல நூற்றாண்டுகளில் பெயர் சொல்லி எடுத்துக்காட்டப் பெண் கவிகள் விரல் விட்டு எண்ணும் அளவே. பெண்கள் பாடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள நான் தயாராக இல்லை. பாட்டு பாணர் மரபிலிருந்து அரசவைக்கும் கோயிலுக்கும் மடத்துக்கும் இடம் பெயர்ந்தது. எதை ஓலையில் ஏற்றுவது, எதைத் தொகுப்பது என்ற தீர்ப்பு அங்கே கைமாறியது. பெண்கள் பாடிய பாட்டு இருந்தது என்பதற்குச் சாட்சி ஆண்கள் எழுதிய நூலிலேயே கிடைக்கிறது. மாணிக்கவாசகரின் திருவாசகத்தைப் பாருங்கள். திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருக்கோத்தும்பி, திருத்தெள்ளேணம், திருச்சாழல், திருப்பூவல்லி, திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல். அம்மானை ஆடும்போதும், உலக்கை போடும்போதும், பூப்பறிக்கும்போதும், ஊஞ்சலில் ஆடும்போதும் பெண்கள் பாடிய பாட்டுகளின் அச்சு இது. சாழலில் ஒருத்தி சிவனைக் குறை சொல்வதுபோலக் கேள்வி போடுகிறாள், இன்னொருத்தி பதில் சொல்லி மடக்குகிறாள். மாணிக்கவாசகர் இந்த மெட்டுகளை எங்கோ முற்றத்தில் கேட்டிருக்க வேண்டும். உலக்கை பிடித்துப் பாடியவளின் சொல் நமக்குக் கிடைக்கவில்லை. அவள் தாளம் கிடைத்திருக்கிறது.

இந்தக் கடன் வாங்கலின் உச்சம் ஆழ்வார்கள். நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் 1102 பாசுரங்கள். அவற்றில் 27 பதிகங்கள் மகளாகவும் தாயாகவும் தோழியாகவும் பேசுபவை. அந்த நிலையில் ஆழ்வாருக்குப் பராங்குச நாயகி என்றே பெயர். திருமங்கையாழ்வாருக்குப் பரகால நாயகி. ஆழ்வார் அறிவோடு தெளிந்திருக்கையில் தம் பேச்சாகவும், அன்பு மீறுகையில் பெண் பேச்சாகவும் பேசுகிறார் என்று ஆசார்ய ஹிருதயம் என்ற வைணவ நூல் வகுத்துச் சொல்கிறது. வைணவ உரை மரபு வேறெதையும் விட இந்த வரையறையில் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்பேன். அறிவு ஆணுக்கு, அன்பு பெண்ணுக்கு என்ற பாகப்பிரிவினை இது. ஆனால் அதே மூச்சில், அறிவால் எட்ட முடியாத இடத்துக்குப் பெண்ணாகித்தான் போக வேண்டும் என்ற ஒப்புதலும் அதற்குள் இருக்கிறது. பரமனுக்கு முன் எல்லா உயிரும் பெண் என்றானபோது, பெண்மை உடம்பின் அடையாளமாக மட்டும் இல்லாமல் ஒரு நிலையாயிற்று. யாரும் ஏற்கக்கூடிய ஒரு நிலை.

அந்த நிலையை ஏற்றவர்கள் அதற்குள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்குத் திருமங்கையின் மடல்கள் நல்ல உதாரணம். காதல் கைகூடாத ஆண், பனைமடலால் குதிரை செய்து ஊர் நடுவே ஏறி அவளைக் கேட்பது பழைய மரபு. பெண் மடலேறக் கூடாது என்பது தொல்காப்பியம் விதித்த தடை. குறளும் எவ்வளவு காமம் வருத்தினாலும் மடலேறாத பெண்ணையே புகழ்கிறது. பரகால நாயகியோ மடலேறப் போகிறேன் என்கிறாள். தமிழ் வழக்கம் அதற்கு இடம் தரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பெரிய திருமடலில் அந்தத் தென்னாட்டு நெறியைக் கேட்டதுண்டு, அதை ஏற்க மாட்டேன், வடநெறியைப் பிடித்துக்கொள்கிறேன் என்று வழக்காடி, சீதை, வேகவதி, உலூபி, உஷை, உமை என்று ஆசையின் பின்னே போன பெண்களைச் சாட்சிக்கு அழைக்கிறாள். இலக்கணத்தை மீற இன்னொரு மரபிலிருந்து முன்னுதாரணம் தேடும் இந்தப் பெண்ணின் வாதத்திறம் வியக்கவைக்கிறது. ஆனால் அவள் சொல்லை எழுதிய கை, வேல் பிடித்த ஒரு குறுநிலத் தலைவனின் கை. பாடி முடித்ததும் அவர் திருமங்கை மன்னராகத் திரும்பிவிடலாம். திரும்பிவர முடியாதவர்களைப் பற்றி இனிப் பார்க்க வேண்டும்.

உரைகாரர்கள் ஆண்டாளை மற்ற ஆழ்வார்களோடு ஒப்பிட ஒரு பாசன உவமை வைத்திருக்கிறார்கள். ஆண் பெண்ணாகிப் பாடுவது மேட்டு மடைக்குத் தண்ணீர் ஏற்றுவது போல. அவள் பாடுவது பள்ள மடையில் தண்ணீர் தானே பாய்வது போல. உழவு தெரிந்த ஊரின் உவமை, அழகானது. ஆனால் நாச்சியார் திருமொழியை முழுக்கப் படித்தால் ‘தானே பாய்வது’ என்ற எளிமை அதற்குப் பொருந்தவில்லை. 14 திருமொழிகள், 143 பாசுரங்கள். முதல் திருமொழியிலேயே அவள் காமனை வணங்கி நோன்பு நோற்கிறாள். தன் உடம்பைக் கண்ணனுக்கென்று நேர்ந்துவிட்டதாகவும், மனிதருக்கு என்று பேச்செடுத்தால் உயிர் வாழமாட்டேன் என்றும் சொல்லி, வேள்வியில் தேவர்க்கென்று வைத்த அவியைக் காட்டு நரி வந்து மோப்பது போல அது என்கிறாள். ஏழாம் திருமொழியில் பாஞ்சசன்னியச் சங்கைக் கூப்பிட்டு, எப்போதும் அவன் வாயில் இருக்கிறாயே, அந்த வாய்க்கு என்ன மணம், என்ன சுவை என்று கேட்கிறாள். பொறாமையும் ஆசையும் கலந்த கேள்வி. பதிமூன்றாம் திருமொழியில் கோபம் உச்சத்துக்குப் போகிறது: பயன்படாத இந்த முலையை வேரோடு பறித்து அவன் மார்பில் எறிந்து என் தீயைத் தணித்துக்கொள்வேன் என்கிறாள்.

சிலப்பதிகாரக் கண்ணகி இடமுலையைத் திருகி எறிந்தது நமக்கு நினைவுக்கு வராமல் போகாது. அவள் எறிந்தது மதுரை மேல், கொலையுண்ட கணவனுக்காக. ஆண்டாள் எறியத் துணிவது காதலன் மேலேயே, தனக்காக. கற்பின் நெருப்பாக ஒரு காப்பியம் வைத்த உறுப்பை, தன் ஆசையின், தன் சினத்தின் உறுப்பாக அவள் திரும்ப எடுத்துக்கொண்டாள். பதிகந்தோறும் கடைசியில் வில்லிபுத்தூர்ப் பட்டர்பிரான் மகள் கோதை சொன்னது என்று முத்திரையும் வைத்தாள். 2002இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று பெயர் வைத்தபோது தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பை நினைக்கும்போது, ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் கோயிலுக்குள் போற்றப்பட்டு வரும் இந்தப் பாசுரங்களில் எவ்வளவை அந்த எதிர்ப்பாளர்கள் படித்திருந்தார்கள் என்ற துயரக் கேள்வி எழுகிறது. மார்கழியில் திருப்பாவையின் 30 பாட்டும் தெருத்தெருவாய் ஒலிக்கின்றன. நாச்சியார் திருமொழியில் மக்கள் நாவுக்கு வந்தது பெரும்பாலும் திருமணத்தைக் கனாக் கண்டு தோழிக்குச் சொல்லும் ஆறாம் திருமொழி ஒன்றுதான். அது வைணவத் திருமணங்களில் பாடப்படுகிறது. மணப்பெண் ஆண்டாளுக்குக் கிடைத்த இடம் சினந்த ஆண்டாளுக்குக் கிடைக்கவில்லை.

அவளுக்கு முன்பே, 6ஆம் நூற்றாண்டையொட்டி, காரைக்கால் அம்மையார். அவர் கதை எல்லோருக்கும் தெரியும்: வணிகன் பரமதத்தனின் மனைவி புனிதவதி, அவள் வேண்ட இறைவன் தந்த மாங்கனி, அதைக் கண்டு அஞ்சி ஓடிப் பாண்டிய நாட்டில் வேறொருத்தியை மணந்த கணவன், அவன் மகளுக்கு வைத்த புனிதவதி என்ற பெயர், தேடி வந்த முதல் மனைவியின் காலில் அவன் விழுந்தது, அவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று அவள் பேயுருக் கேட்டுப் பெற்றது. இவ்வளவும் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்னவை. அம்மையார் தம் பாட்டுகளில் மாங்கனியும் இல்லை, பரமதத்தனும் இல்லை. அற்புதத் திருவந்தாதி, திரு இரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் என்று நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய எழுத்தில் கணவனைப் பற்றி ஒரு முணுமுணுப்புக்கூடக் கேட்பதில்லை. பேசத் தொடங்கிய நாள் முதல் சிவன் மேல் வைத்த காதலில் அவர் தம் வாழ்வைத் தொடங்குகிறார். தம்மைக் காரைக்காற் பேய் என்று பெயர் சொல்லி முடிக்கிறார். இடையே மனைவி என்ற ஒரு பகுதி வேண்டியிருந்தது அவருக்கு அல்ல, அவரைப் பற்றிப் பின்னால் கதை சொன்னவர்களுக்கு.

மூத்த திருப்பதிகத்தில் உள்ள பேய்மகள் வற்றிய முலையும் புடைத்த நரம்பும் குழிந்த கண்ணுமாக வருகிறாள். கேசாதிபாதத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த வர்ணனை அது. உலாக்கள் எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட மறுப்பு என்று எனக்குப் படும். அதில் ஓரிடத்தில் ஒரு பேய்த் தாய், குழந்தையின் மேல் படிந்த புழுதியைத் துடைத்து, காளி என்று பெயரிட்டு, பாலூட்டி வளர்க்கிறாள். பிறகு எங்கோ போய்விடுகிறாள். தாய் வரக் காணாமல் குழந்தை அழுது அழுது அப்படியே தூங்கிவிடுகிறது. அந்தச் சுடுகாட்டில்தான் இறைவன் ஆடுகிறான். பிள்ளைத்தமிழ் என்று ஒரு வகை தோன்றி, செங்கீரை, தால், சப்பாணி என்று தாய்மையை ஒழுங்குபடுத்துவதற்கு வெகுகாலம் முந்தைய தாய்மை இது. தொட்டில் இல்லை, தாலாட்டு இல்லை. தமிழில் தாயும் பிள்ளையும் வரும் எந்த வரியும் என்னை இவ்வளவு ஆட்டியதில்லை.

மூன்றாவதாக ஔவை. அதியமானோடு கள்ளுண்டு தூது போன சங்க ஔவை வேறு. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் சொன்ன, சோழர் காலத்தில் வைத்து எண்ணப்படும் ஔவை வேறு. மக்கள் வழக்கில் இருவரும் ஒருத்தியாகி, திருமணத்துக்கு அஞ்சி விநாயகரிடம் வேண்டிக் கன்னிப் பருவத்திலேயே கிழவியான கதை பிறந்தது. அம்மையார், ஔவை, ஆண்டாள் ஆகிய மூவரின் கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒருத்தி பேயானாள், ஒருத்தி கிழவியானாள், ஒருத்தி அரங்கனின் சன்னிதிக்குள் போய் மறைந்தாள். பெண் கவி என்றால் யாருக்காவது மனைவியாகி வீட்டில் இருந்தபடி பாடினாள் என்று சொல்ல அந்தக் காலத்துக் கற்பனைக்கு வழி தெரியவில்லை. ஆண் கவி பெண்ணாவதற்கு ஒரு பாட்டு போதும். பெண் கவியாவதற்கு உடம்பையே ஒப்படைக்க வேண்டும் என்று கதைகள் விலை வைத்தன. இந்த விலை அவர்கள் பாட்டில் இல்லை, அவர்களைச் சுற்றிக் கட்டிய கதைகளில் இருக்கிறது என்பதை நாம் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

காப்பியங்களுக்கு வந்தால், சீவக சிந்தாமணியை விரைவாகக் கடந்துவிடலாம். சீவகன் எட்டுப் பெண்களை மணக்கிறான், கடைசியில் எல்லோரையும் விட்டுத் துறக்கிறான். மணநூல் என்றே அதற்குப் பெயர். கணவனை இழந்த விசயை மயிற்பொறியில் தப்பிச் சுடுகாட்டில் இறங்கிப் பிள்ளை பெறும் இடம் ஒன்றே எட்டுத் திருமணங்களுக்கும் மேலாக மனத்தில் நிற்கிறது.

கம்பனிடம் நின்றுதான் ஆக வேண்டும். மிதிலையில் கன்னிமாடத்திலிருந்து சீதையும் வீதியிலிருந்து இராமனும் ஒருவரையொருவர் பார்ப்பது வான்மீகியில் இல்லாதது. தமிழ் அகமரபு கம்பனுக்குத் தந்தது. அங்கே பார்வை இரு பக்கமும் சமமாகப் பாய்கிறது. உலாவின் வீதியும் இதே போன்ற வீதிதான் என்பதை நினைத்தால் கம்பன் செய்த மாற்றத்தின் அளவு தெரியும். அகலிகையில் அவன் இன்னும் நுட்பமானவன். வந்தவன் கணவனல்ல என்று அவள் உணர்ந்தாள், உணர்ந்தும் விலக்கவில்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, பின்னால் முனிவர் வாயால் அவள் நெஞ்சில் பிழை இல்லை என்றும் சொல்லவைக்கிறான். இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும் என்ற கேள்வியை அவன் தீர்க்கவில்லை. 1943இல் புதுமைப்பித்தன் ‘சாப விமோசனம்’ எழுதியபோது அந்தத் தீராத கேள்வியைத்தான் மறுபடி கையில் எடுத்தார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்ட அகலிகை அங்கே மீண்டும் கல்லாகிறாள்.

வாலியின் மனைவி தாரையை எடுத்துக்கொள்ளுங்கள். வாலி இறந்தபின் வான்மீகியின் தாரை சுக்கிரீவனோடு வாழ்கிறாள்; சினத்தோடு வரும் இலக்குவனைத் தணிக்க மதுமயக்கத்தோடு வருகிறாள். கம்பனின் தாரை மங்கல அணி களைந்த கைம்பெண்ணாக வருகிறாள். அவளைக் கண்டதும் இலக்குவனுக்கு அயோத்தியில் கைம்மையில் இருக்கும் தாயரின் நினைவு வந்து கண் கலங்குகிறது. தமிழ்க் கற்பு நெறிக்குக் கம்பன் கதையை வளைத்தான் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வளைவில்தான் இடைக்காலக் கவிதையின் மிக ஈரமான கணங்களில் ஒன்று பிறந்தது. இழப்பு என்னவென்றால், தாரை தனக்கென ஒரு வாழ்வைத் தொடரும் வழி அடைபட்டது. நடைமுறையில் கைம்மை அப்படியே அடைபட்டதாக இருந்ததா? கண்டராதித்த சோழனின் தேவி செம்பியன் மாதேவி, கணவன் இறந்தபின் சுமார் 40 ஆண்டுகள் வாழ்ந்து, பழைய கோயில்களைக் கற்றளிகளாக மாற்றி எடுத்தார். கோனேரிராசபுரத்தில் கணவன் பெயரில் ஒரு கோயிலும் எழுப்பி அவன் வழிபடும் உருவையும் வடிக்கச் செய்தார். உலாவின் கணக்கில் பெயரே இல்லாத வயதில் அவர் சோழநாட்டுக் கட்டடக்கலையின் போக்கை மாற்றிக்கொண்டிருந்தார். எல்லாக் கைம்பெண்களும் அரசியராக இருக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். சுந்தர சோழனோடு உடன்கட்டை ஏறிய வானவன் மாதேவியும் அரசிதான்.

போர்க்களத்தைப் பாடிய கலிங்கத்துப்பரணி பெண்களால் நிறைந்த நூல். ஜெயங்கொண்டார் கதையைத் தொடங்குமுன் ஒரு பகுதி முழுக்க வீட்டுக் கதவைத் திறக்கும்படி பெண்களை அழைக்கிறார். கடைதிறப்பு என்ற இந்தப் பகுதியைச் சிருங்காரமாகவே எல்லோரும் சுவைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதவுகளில் சில வேளத்தின் கதவுகள். வேளம் என்பது போரில் தோற்ற நாட்டிலிருந்து பிடித்து வந்த பெண்களைச் சோழர் குடிவைத்த இடம். தோற்ற பாண்டியர் காட்டுக்குள் ஓட, வேளத்துக்குள் புகுந்த பெண்களே, கதவைத் திறங்கள் என்று கவிஞர் அழைக்கும்போது, அந்த இனிய சந்தத்தின் அடியில் ஒரு சிறைக்கதவு இருப்பதை நாம் கேட்காமல் இருக்க முடியாது. நூலின் பின்பாதியில் பேய்மகளிர் களத்தில் அடுப்பு மூட்டி, யானைத் தலையும் குருதியும் கொண்டு கூழ் அட்டு, பங்கிட்டுப் பரிமாறுகிறார்கள். பெண்ணின் அன்றாடச் சமையல் வேலை அத்தனையும் அங்கே வரிசையாக வருகிறது. அடுப்பங்கரையை இவ்வளவு விவரமாகப் பாட அந்தக் காலத்துக்குப் பிணக்களம் தேவைப்பட்டது. அதே களத்தில் மனைவியர் கணவரின் உடலைத் தேடி அலைகிறார்கள். ஒருத்தி, நிலமகள்கூட அவனைத் தீண்டிவிடக் கூடாது என்று உடலை மடியில் ஏந்திக்கொள்கிறாள். வெற்றியைப் பாட வந்த நூலில் தோற்றவர் வீட்டுப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது பெரிது.

பெரியபுராணத்தின் 63 நாயன்மாரில் பெண்கள் மூவர்: காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். ஆனால் நாயன்மாராக எண்ணப்படாத பெண்கள்தான் அந்த நூலில் என்னைத் திரும்பத் திரும்ப இழுக்கிறார்கள். தில்லையில் குயவர் திருநீலகண்டர் பரத்தையிடம் போய் வருகிறார். மனைவி வீட்டு வேலை எல்லாம் செய்கிறாள், உடம்பால் மட்டும் விலகி நிற்கிறாள். அவர் நெருங்கும்போது, திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டு, தீண்டாதே என்கிறாள். ‘என்னை’ என்று சொல்லாமல் ‘எம்மை’ என்கிறாள். அந்தப் பன்மையைக் கேட்ட கணவர், உலகத்துப் பெண் எவரையும் மனத்தாலும் தீண்டேன் என்று விரதம் பூணுகிறார். இளமை கடந்து முதுமை வரும்வரை ஒரே வீட்டில், ஊரார் அறியாமல், இருவரும் அந்தச் சொல்லைக் காக்கிறார்கள். கடைசியில் குளத்தில் முழுகும்போதும் ஒரு கோலின் இரு முனையைப் பிடித்துக்கொண்டே இறங்குகிறார்கள். சேக்கிழார் அவரை நாயனார் என்கிறார். அவரை நாயனார் ஆக்கியது ஒரு பெண்ணின் மறுப்பு, அதிலும் ஒரு பன்மைச் சொல். அவள் பெயரைப் புராணம் சொல்லவில்லை. ‘எம்மை’ என்று அவள் சொன்னது தனக்காகவா, அந்தப் பரத்தைக்கும் சேர்த்தா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

அதே நூலில் கழற்சிங்கரின் அரசி, திருவாரூரில் பூமண்டபத்தருகே விழுந்து கிடந்த ஒரு பூவை எடுத்து மோந்தாள் என்பதற்காகச் செருத்துணையார் அவள் மூக்கை அரிகிறார்; எடுத்த கையையல்லவா முதலில் வெட்ட வேண்டும் என்று கணவர் அவள் கையை வெட்டுகிறார். இருவரும் நாயன்மார்கள். அவள் என்ன சொன்னாள் என்பது நூலில் இல்லை. பக்தியின் பெயரால் இதைச் சமாதானம் செய்துகொள்ளும் விளக்கங்களை நானும் வாசித்திருக்கிறேன். எதுவும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை.

வர்ணனையும் காதலும் பக்தியும் தவிர, பெண்ணுக்கு இந்தக் கவிதை தந்த வேறு ஓர் இடமும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை: வாதம் செய்யும் மேடை. மணிமேகலையில் தொடங்குகிறது அது. வஞ்சியில் சமயக் கணக்கர்களிடம் அவரவர் கொள்கையைக் கேட்கப் போகும் மணிமேகலை, மந்திரத்தால் ஒரு தவசியின் ஆண்வடிவத்தை எடுத்துக்கொள்கிறாள். வளையல் அணிந்த இளம்பெண்ணுக்கு எவரும் மெய்ப்பொருள் உரைக்க மாட்டார்கள் என்று மணிமேகலா தெய்வம் முன்பே எச்சரித்திருந்தது. அறிவைக் கேட்கவே ஆணாக வேண்டியிருந்தது.

சில நூற்றாண்டு கழித்து வந்த சமணக் காப்பியம் நீலகேசியில் அந்த வேடம் கழன்றுவிடுகிறது. பழையனூர்ச் சுடுகாட்டில் பேயாக இருந்தவள், சமண முனிவரால் மனம் மாறி, பெண்ணாகவே ஊர் ஊராகப் போய் பௌத்தரோடும் ஆசீவகரோடும் சாங்கியரோடும் வைசேடிகரோடும் வேதவாதியரோடும் வாதாடி வெல்கிறாள். பேய்மகள் மூன்றாம் முறையாக நம் முன் வருகிறாள். அம்மையாரிடம் ஆடலைக் கண்டு நின்றவள், பரணியில் கூழ் காய்ச்சியவள், இங்கே தர்க்கம் பேசுகிறாள். அவள் எதிர்கொள்ளும் முதல் எதிரியும் ஒரு பெண்: குண்டலகேசி.

குண்டலகேசியின் கதை பழையது. வணிகன் மகளான அவள் ஒரு கள்வனைக் காதலித்து மணந்தாள்; அவன் அவளைக் கொல்ல மலை உச்சிக்கு அழைத்துப் போனான்; சாகுமுன் உன்னை மூன்று முறை வலம் வருகிறேன் என்று சொல்லிப் பின்னால் போய் அவனைத் தள்ளிவிட்டாள். பிறகு துறவியாகி, நாவல் கிளையை மண்ணில் நட்டு வாதுக்கு அழைத்து ஊர்களைச் சுற்றி, பௌத்தத்தில் சேர்ந்தாள். அவளைத் தலைவியாக்கி நாதகுத்தனார் பாடிய தமிழ்க் காப்பியம் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாக எண்ணப்பட்டது. அது முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பவை 19 பாட்டுகள். அவற்றில் சில, அவளை மறுக்கவே எழுந்த நீலகேசிக்கு வாமன முனிவர் எழுதிய உரையில் மேற்கோளாக வந்தவை.